இயன் மர்டாக்

இயன் ஆஷ்லி மர்டாக் (ஏப்ரல் 28, 1973 – டிசம்பர் 28, 2015) ஓர் அமெரிக்க மென்பொருளாளர். டெபியன் என்னும் க்னூ/லினக்ஸ் வழங்கலைத் தொடங்கியவர். அவ்வழங்கலின் அடித்தளமாக விளங்கும் டிபிகேஜி என்ற கட்டளை வரிக் கருவியின் முதல் வடிவத்தை எழுதியவரும் இவரே. மென்பொருளொன்றை ஆக்குவது ஒரு பணி. ஆக்கிய மென்பொருளை, முன்பின் அறியாத ஒருவரது கணினியில் பழுதின்றி நிறுவவும் புதுப்பிக்கவும் நீக்கவும் ஏற்றவாறு பொதியாகக் கட்டுவது வேறொரு பணி. இவ்விரண்டாம் பணியைத் தனியொரு துறையாக வளர்த்தெடுத்தவர்களுள் மர்டாக் முதன்மையானவர். டெபியன் திட்டத்தின் தலைமைப் பொறுப்பை இவர் மூன்றாண்டுகளுக்கும் குறைவாகவே வகித்தார். எனினும், பின்னர் இவர் பணியாற்றிய இடங்கள் பலவற்றிலும் பொதியாக்கம் பற்றிய வினாவே இவரைத் தொடர்ந்து வந்தது.

இளமையும் கல்வியும்

மர்டாக் அன்றைய மேற்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள லாஃபயெட் நகரில் வளர்ந்தார். இவரது தந்தை அங்குள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். மர்டாக்கும் அதே பல்கலைக்கழகத்தில் பயின்று, 1996-ல் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் கணினிகளில் பழகிய பின்னர், அத்தகைய சூழலைத் தனியாள் கணினியிலும் பெற விரும்பி லினக்ஸை நாடினார். லினக்ஸ் கருனியின் 1.0 பதிப்பு அப்பொழுது இன்னும் வெளிவந்திருக்கவில்லை.

அன்றைய வழங்கல்களின் நிலை

மர்டாக்கின் பணியை விளங்கிக்கொள்ள 1993-ஆம் ஆண்டின் நிலையை அறிதல் இன்றியமையாதது. லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் உட்கருவாகிய கருனி மட்டுமே. அதனோடு க்னூ திட்டத்தின் கருவிகளையும், சாளர அமைப்பையும், பிற செயலிகளையும் சேர்த்தால்தான் பயன்படுத்தத்தக்க முழு இயங்குதளம் கிடைக்கும். இவ்வாறு சேர்த்துத் தொகுத்துத் தரப்படுவதே வழங்கல் எனப்படுகிறது. பீட்டர் மெக்டொனால்ட் என்பவர் 1992-ல் வெளியிட்ட எஸ்எல்எஸ் என்னும் வழங்கலே அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்டது. நெகிழ்வட்டுகளின் வரிசையாக அது கிடைத்தது. ஒவ்வொரு வட்டாகச் செருகி நிறுவவேண்டும்.

எஸ்எல்எஸ் வழங்கலில் வழுக்கள் மலிந்திருந்தன. இக்குறையே இருவேறு வழங்கல்கள் தோன்றக் காரணமாயிற்று. பேட்ரிக் வோல்கர்டிங் என்பவர் எஸ்எல்எஸ்ஸைத் திருத்தி 1993 சூலையில் ஸ்லாக்வேர் என்னும் வழங்கலை வெளியிட்டார். மர்டாக்கும் முதலில் எஸ்எல்எஸ்ஸைத் திருத்தவே முற்பட்டார். பின்னர் அதனைக் கைவிட்டு, அனைத்தையும் தொடக்கத்திலிருந்தே கட்டுவதென முடிவு செய்தார்.

குறை வழுக்களில் மட்டும் இல்லை. அக்காலத்தில் யுனிக்ஸ் வகைக் கணினியில் மென்பொருளை நிறுவுவோர், மூலநிரலைப் பெற்று, அதனைத் தொகுத்து, நிறுவும் கட்டளையை இடுவர். கட்டளை கோப்புகளைப் பல்வேறு அடைவுகளில் படியெடுத்துவிட்டு முடிந்துவிடும். எக்கோப்பு எங்குச் சென்றது என்பதற்குப் பதிவேதும் இராது. பின்னாளில் அம்மென்பொருளை நீக்கவேண்டுமெனில், நூற்றுக்கணக்கான கோப்புகளில் அதற்குரியவை எவை என்று கண்டறிய வழியில்லை. புதிய பதிப்பை நிறுவும்பொழுது, பயனர் தம் கைப்படத் திருத்திய அமைப்புக் கோப்பின்மீது புதிய கோப்பு எழுதப்பட்டுவிடும். இரவெல்லாம் விழித்துச் செய்த திருத்தங்கள் ஒரு நொடியில் அழிந்துபோகும். ஒரு செயலிக்குத் தேவையான நிரலகம் கணினியில் உள்ளதா என்பதும் அச்செயலியை இயக்கிப் பார்த்தால்தான் தெரியவரும்.

டெபியன் திட்டம்

1993 ஆகஸ்ட் 16 அன்று, லினக்ஸ் ஆக்குநர்களுக்கான யூஸ்நெட் செய்திக் குழுவொன்றில் மர்டாக் தம் புதிய வழங்கலைப் பற்றி அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. அன்று அவருடைய தோழியாக இருந்து பின்னர் மனைவியான டெப்ரா என்பவரது பெயரின் முற்பகுதியையும் தம் பெயரையும் இணைத்து டெபியன் என்று பெயரிட்டார். இவர்களது மணவாழ்வு பின்னாளில் முறிந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

மர்டாக் எழுதிய டெபியன் கொள்கை விளக்கம் 1994-ன் தொடக்கத்தில் அதன் திருந்திய வடிவில் வெளிவந்தது. வழங்கலைக் கட்டுவது எளிய வேலையன்று, அது கவனத்தையும் பொறுப்பையும் வேண்டுவது என்று அதில் அவர் வாதிட்டார். வழங்கல்களை விற்போர் அவற்றின் தரத்தைப் பற்றிக் கவலை கொள்வதில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. கருனியும் க்னூ கருவிகளும் எவ்வாறு பலர் கூடித் திறந்த முறையில் ஆக்கப்பட்டனவோ, அவ்வாறே வழங்கலும் ஆக்கப்படவேண்டும் என்பதே அவரது தீர்வு. ரிச்சர்ட் ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1994 நவம்பர் முதல் 1995 நவம்பர் வரை இத்திட்டத்துக்குப் பொருளுதவி அளித்தது.

பலர் கூடிக் கட்டுவது என்று சொல்லுதல் எளிது. ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத, வெவ்வேறு நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு மென்பொருளைத் தொகுத்து அனுப்பினால், அவை ஒரே கணினியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இயங்குவது எங்ஙனம்? கருனிக்கு லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் ஒருவர் அனைத்தையும் பார்த்து ஏற்கும் நிலை இருந்தது. நூற்றுக்கணக்கான மென்பொருள்களை ஒருவரே பார்த்து ஏற்பது இயலாது. இச்சிக்கலுக்கான விடையாகவே பொதியும் அதனைக் கையாளும் கருவியும் அமைந்தன.

டிபிகேஜி

1994 சனவரியில் வெளிவந்த டெபியன் 0.91 பதிப்பிலேயே பொதிகளை நிறுவவும் நீக்கவும் எளியதொரு கருவி இருந்தது. டிபிகேஜியின் முதல் வடிவத்தை மர்டாக் ஓர் ஓட்டு நிரலாக எழுதினார். அதாவது முனையத்தில் தட்டச்சிடும் கட்டளைகளையே கோப்பொன்றில் வரிசையாக எழுதிவைத்த நிரல். பின்னர் மேட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர் ஆகியோருடன் சேர்ந்து பெர்ள் மொழியில் அதனை மாற்றி எழுதினார். அதே ஆண்டில் இயன் ஜாக்சன் என்பவர் அதன் முதன்மைப் பகுதியைச் சி மொழியில் முற்றிலும் புதிதாக எழுதினார். (பெயர் ஒன்றாயிருப்பதால் இவ்விருவரையும் ஒருவராகக் கருதி எழுதுவோர் உண்டு. ஜாக்சன் ஆங்கிலேயர், 1998-ல் டெபியன் திட்டத்தின் தலைவராகவும் இருந்தார்.) எனவே இன்று உலகெங்கும் இயங்கும் டிபிகேஜியின் நிரல் வரிகள் மர்டாக்குடையவை என்று கூறுவது பொருந்தாது. அவர் நட்டது ஒரு நாற்று, வளர்த்தவர்கள் பலர்.

டெபியன் பொதியின் அமைப்பு மிக எளியது. .டெப் என முடியும் கோப்பு, ஏஆர் என்னும் பழைய யுனிக்ஸ் கருவியால் கட்டப்பட்ட ஒரு மூட்டை. அதனுள் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது, பொதி வடிவத்தின் எண்ணைத் தாங்கிய சிறு உரைக்கோப்பு. இரண்டாவது, பொதியைப் பற்றிய தகவல்கள். மூன்றாவது, கணினியில் இடப்படவேண்டிய கோப்புகள். பின்னிரண்டும் டார் வடிவில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஏஆர், டார் ஆகிய இரண்டும் ஏறத்தாழ எல்லா யுனிக்ஸ் வகைக் கணினிகளிலும் உள்ளமையால், டிபிகேஜியே பழுதான நிலையிலும் பொதியைக் கையால் பிரித்தெடுக்க இயலும். தொடக்க காலப் பொதிகள் இதனின் வேறுபட்ட வடிவத்தைக் கொண்டிருந்தன. 1995-ஐ ஒட்டி இவ்வடிவம் வழக்குக்கு வந்தது.

இம்மூன்றனுள் தகவற்பகுதியே பொதியின் உயிர்நிலை. பொதியின் பெயர், பதிப்பு எண், பராமரிப்பாளர் பெயர், சுருக்க விளக்கம் ஆகியவற்றுடன், பிற பொதிகளோடு இதற்குள்ள உறவும் அங்கு எழுதப்படுகிறது. எப்பொதி இன்றி இது இயங்காது, எப்பொதியோடு இது சேர்ந்திருக்க இயலாது, எதற்கு இது மாற்றாகும், எது உடனிருந்தால் நலம் என்றெல்லாம் பராமரிப்பாளர் அறிவிக்கிறார். இதில் நுட்பமான ஏற்பாடொன்றும் உண்டு. மின்னஞ்சலைக் கடத்தும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்று கருதும் செயலி, எக்சிம் என்றோ போஸ்ட்ஃபிக்ஸ் என்றோ குறிப்பிடாமல் அஞ்சல் கடத்தி ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்கலாம். எக்சிம் பொதியும் போஸ்ட்ஃபிக்ஸ் பொதியும் தாம் அப்பணியைச் செய்வதாக அறிவித்துக்கொள்ளும். கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் அறியவேண்டியதில்லை. டெபியன் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு இடையிலான உறவும் இத்தகையதே.

பொதியை நிறுவுதல் இரு கட்டங்களாக நிகழ்கிறது. முதலில் கோப்புகள் விரிக்கப்படுகின்றன. பின்னர் மென்பொருள் அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும் பின்னும், நீக்கலின்போதும், பராமரிப்பாளர் எழுதிய சிறு நிரல்கள் இயங்கலாம். பயனர் பெயரொன்றை உருவாக்குதல், சேவையைத் தொடங்குதல் போன்றவற்றை இவை செய்யும். ஒவ்வொரு பொதியும் எக்கட்டத்தில் உள்ளது என்பதை டிபிகேஜி உடனுக்குடன் ஓர் உரைக்கோப்பில் குறித்துவைக்கிறது. விரிக்கப்பட்டது, பாதி அமைக்கப்பட்டது, முழுதும் நிறுவப்பட்டது என்றவாறு நிலைகள் பல உண்டு. நிறுவலின் நடுவே மின்சாரம் நின்றுபோனால், கணினியை மீண்டும் இயக்கி, எஞ்சியவற்றை அமைக்குமாறு ஒரு கட்டளை இட்டால் போதும். மின்வெட்டுக்குப் பழகியவர்கள் இதன் அருமையை நன்கு அறிவர்.

பயனர் திருத்திய அமைப்புக் கோப்புகளுக்கும் டிபிகேஜி வழி கண்டது. பொதியிலுள்ள எக்கோப்புகள் அமைப்புக் கோப்புகள் என்பதைப் பராமரிப்பாளர் பட்டியலிடுகிறார். புதுப்பிக்கும்பொழுது, பயனர் அக்கோப்பைத் தொடவில்லையெனில் புதியது ஓசையின்றி இடப்படும். பயனரும் திருத்தியிருந்து, பராமரிப்பாளரும் மாற்றியிருந்தால் மட்டும், எதை வைத்துக்கொள்வது என்று டிபிகேஜி பயனரிடம் கேட்கும். கணினி அதன் உரிமையாளருடையது என்னும் கொள்கை ஒரு கருவியின் நடத்தையாகவே இங்கு வெளிப்படுவதைக் காணலாம்.

பொதியைக் கட்டுவோருக்கெனத் தனிக் கருவிகளும் உருவாயின. மூலநிரற்பொதியை விரித்தும் சேர்த்தும் தருவது ஒன்று. இருமப் பொதியைக் கட்டுவதும் பிரிப்பதும் ஒன்று. இவையனைத்தையும் ஒரே கட்டளையால் வரிசையாக நடத்திவைப்பது மற்றொன்று. மென்பொருளின் முதல் ஆசிரியர் வெளியிட்ட மூலநிரல் ஒருபுறமும், டெபியனுக்காகச் செய்த மாற்றங்கள் மறுபுறமும் தனித்தனியே வைக்கப்படுவதால், யார் எதை எழுதினார் என்பதில் ஐயம் எழுவதில்லை. இக்கருவிகள் எவற்றுக்கும் சாளரமோ பொத்தானோ இல்லை. முனையத்தில் கட்டளை இடவேண்டும். கட்டளை வரி என்பதாலேயே ஆயிரக்கணக்கான பொதிகளை ஆளின்றித் தானே கட்டும் கணினிகளை டெபியன் திட்டத்தால் பின்னர் நிறுவ முடிந்தது.

வலையிலிருந்து பொதிகளைத் தேடிப் பெறுவதும், ஒரு பொதிக்கு வேண்டிய பிற பொதிகளைத் தானே கணக்கிடுவதும் டிபிகேஜியின் வேலையல்ல. அப்பணியைச் செய்யும் ஏப்ட் என்னும் கருவி 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பில் இடம்பெற்றது. அதன் ஆக்கத்தில் மர்டாக்கிற்குப் பங்கில்லை. ரெட் ஹேட் நிறுவனத்தில் மார்க் யூயிங், எரிக் ட்ரோன் ஆகியோர் உருவாக்கிய ஆர்பிஎம் என்னும் இணையான கருவி 1995-ல் வெளிவந்தது. லினக்ஸ் உலகம் நெடுங்காலம் .டெப், ஆர்பிஎம் என இரு முகாம்களாகப் பிரிந்து நின்றது.

தலைமைப் பொறுப்பிலிருந்து விலகல்

1995-ன் இறுதியில் ஓர் இறுவட்டு விற்பனை நிறுவனம், முழுமையடையாத வளர்ச்சிப் பதிப்பொன்றைத் தவறுதலாக டெபியன் 1.0 என்று பெயரிட்டு விற்றுவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்க, 1.0 என்ற எண்ணையே டெபியன் திட்டம் கைவிட்டது. 1996 சூனில் 1.1 என்னும் எண்ணுடனேயே அடுத்த பதிப்பு வெளியானது. அதில் 474 பொதிகள் இருந்தன.

அதற்குள் மர்டாக் தலைமையிலிருந்து விலகியிருந்தார். திட்டத்துக்கென அவரால் ஒதுக்க இயன்ற நேரம் குறைந்துகொண்டே வந்தது. 1996 மார்ச்சில் புரூஸ் பெரென்ஸ் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். தொடங்கியவர் விலகினால் திட்டங்கள் நின்றுபோவதே பெரும்பாலும் வழக்கம். டெபியன் நிற்கவில்லை. அவ்வாண்டிலேயே இருமக் கோப்பின் வடிவம் ஏ.அவுட் என்பதிலிருந்து எல்ஃப் என்பதற்கு மாறியது. 1998-ல் அடிப்படைச் சி நிரலகம் மாறியது. இரண்டும் அமைப்பின் வேரையே அசைக்கும் மாற்றங்கள். சார்புகள் பொதிதோறும் எழுதப்பட்டிருந்தமையால், பயனர்கள் அனைத்தையும் அழித்து மறுபடி நிறுவாமலேயே புதிய பதிப்புக்கு மாற இயன்றது. தனி ஒருவரின் நினைவில் இருக்கவேண்டிய செய்திகள் பொதிகளின் தகவற்கோப்புகளில் எழுதப்பட்டிருந்ததே இதற்குக் காரணம் எனலாம்.

புரோஜெனியும் பொது அடித்தள முயற்சியும்

பட்டம் பெற்றபின் மர்டாக் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் பணியாற்றினார். பின்னர் இந்தியானாபொலிஸ் நகரில் புரோஜெனி லினக்ஸ் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். டெபியனை அடிப்படையாகக் கொண்டு அந்நிறுவனம் 2001-ல் ஒரு வழங்கலை வெளியிட்டு, விரைவிலேயே அதனை நிறுத்திக்கொண்டது. வன்பொருளைக் கண்டறியும் அதன் டிஸ்கவர் என்னும் கருவி டெபியன் நிறுவியில் பின்னர் இடம்பெற்றது. பிற நிறுவனங்கள் தமக்கு வேண்டிய லினக்ஸ் வழங்கலைக் கூறுகளாகச் சேர்த்துக் கட்டிக்கொள்ள உதவுவதே புரோஜெனியின் பிற்காலத் தொழிலாயிற்று. வணிக அளவில் அது பெருவெற்றி பெறவில்லை, 2007-ல் மூடப்பட்டது.

2002 சூலைக்குப் பின்னர் டெபியனின் அடுத்த நிலைத்த பதிப்பு 2005 சூனில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில், டெபியனை அடியொற்றி 2004 அக்டோபரில் உபுண்டு தோன்றி விரைந்து பரவியது. உபுண்டுவின் பொதிகளை டெபியனின் நிலைத்த பதிப்பில் நிறுவ இயலாத நிலை உருவாவதை மர்டாக் வெளிப்படையாகக் குறைகூறினார். இரண்டும் .டெப் கோப்புகளே. எனினும் உபுண்டுவின் பொதிகள் புதிய நிரலகங்களோடு தொகுக்கப்பட்டவை. எனவே அவற்றின் சார்புகள் டெபியனில் நிறைவேறா. கோப்பின் வடிவம் ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது, அடித்தளமும் ஒன்றாயிருக்கவேண்டும் என்பது அவரது வாதம். புதுமைகளை விரைந்து தரவேண்டிய உபுண்டுவுக்கு, மூன்றாண்டுப் பழமையான அடித்தளத்தில் நிற்பது இயலாததாக இருந்தது என்பதையும் இங்குக் கூறுதல் நேர்மையாகும்.

டெபியன் வழிவந்த வழங்கல்களை ஒரே அடித்தளத்தில் நிறுத்த 2005 ஆகஸ்டில் புரோஜெனி உள்ளிட்ட சில நிறுவனங்கள் ஒரு கூட்டணியை அமைத்தன. டெபியன் என்னும் வணிகக்குறியைப் பெயரில் ஆள்வது பற்றி வினா எழுந்ததால், தாம் தோற்றுவித்த பெயரையே விடுத்து டிசிசி என்னும் சுருக்கத்தோடு அமையவேண்டிய நிலை மர்டாக்கிற்கு ஏற்பட்டது. அக்கூட்டணி நீடிக்கவில்லை.

தொடர்ந்து கட்டற்ற செந்தரக் குழுமத்தின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராகி, லினக்ஸ் செந்தர அடித்தளம் என்னும் விவரக்கூற்றுப் பணிக்குத் தலைமை தாங்கினார். ஒருமுறை தொகுத்த செயலி எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் இயங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். அச்செந்தரம் ஏற்றிருந்த பொதி வடிவம் ஆர்பிஎம். டிபிகேஜியின் முதல் ஆசிரியர் அதற்குப் பொறுப்பாளராக இருந்தார். ஆர்பிஎம் பொதியை .டெப் ஆக மாற்றித்தரும் ஏலியன் என்னும் கட்டளையின் துணைகொண்டே டெபியன் அச்செந்தரத்தை எதிர்கொண்டது. 2007-ன் தொடக்கத்தில் அக்குழுமம் வேறோர் அமைப்புடன் இணைந்து லினக்ஸ் அறக்கட்டளை ஆயிற்று.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ்

2007 மார்ச்சில் மர்டாக் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். லினக்ஸ் உலகில் பெயர்பெற்ற ஒருவர் சொலாரிஸ் என்னும் போட்டி இயங்குதளத்துக்குச் சென்றது அன்று பலருக்கு வியப்பளித்தது. அதே ஆண்டில் தம் வலைப்பதிவில், லினக்ஸ் கணினித் துறைக்கு அளித்த மிகப்பெரும் முன்னேற்றம் பொதி மேலாண்மையே என்று அவர் எழுதினார். கருனியையோ பணிச்சூழலையோ அவர் சுட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சொலாரிஸ் அந்த ஒன்றிலேயே பின்தங்கியிருந்தது. அதன் பழைய பொதிக் கருவிகள் வட்டிலிருந்து நிறுவுவதற்கென ஆக்கப்பட்டவை. மர்டாக் தலைமையேற்ற திட்டத்துக்கு இந்தியானா என்று பெயர். அவர் வளர்ந்த மாநிலத்தின் பெயரும் அதுவே. அதன் விளைவாக 2008 மேயில் ஓப்பன்சொலாரிஸ் 2008.05 வெளிவந்தது. அதனுடன் வந்த ஐபிஎஸ் என்னும் புதிய பொதி அமைப்பு, வலைக் களஞ்சியத்தை முதன்மையாகக் கொண்டது. டிபிகேஜியில் பராமரிப்பாளர் எழுதும் நிரல்கள் நிறுவலின்போது எதையும் செய்யலாம். அதுவே அதன் ஆற்றல், அதுவே அதன் இடர். ஐபிஎஸ் அத்தகைய நிரல்களை முற்றிலும் விலக்கியது. மேலும், முழு அமைப்பையும் புதுப்பிக்கும்பொழுது ஸெட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் உதவியால் பழைய அமைப்பின் படி ஒன்று காக்கப்படும். புதியது தவறினால் பழையதற்கே திரும்பலாம்.

நுட்பம் வென்றது, சமூகம் அமையவில்லை. வெளியீட்டின் பெயரை நிறுவனம் தானே முடிவுசெய்ததை ஓப்பன்சொலாரிஸ் சமூகத்தினர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். ஆரக்கிள் நிறுவனம் 2010 சனவரியில் சன் நிறுவனத்தை வாங்கியது. மர்டாக் விலகினார். அவ்வாண்டிலேயே ஓப்பன்சொலாரிஸ் கைவிடப்பட்டது. ஐபிஎஸ் 2011-ல் வெளிவந்த சொலாரிஸ் 11 பதிப்பிலும், தன்னார்வலர்கள் தொடங்கிய ஓப்பன்இந்தியானா வழங்கலிலும் தொடர்ந்தது.

இறுதி ஆண்டுகள்

2011-ல் இந்தியானாபொலிஸ் திரும்பி எக்ஸாக்ட்டார்கெட் என்னும் நிறுவனத்தில் பணியாற்றினார். 2013-ல் அதனை சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் வாங்கியது. 2015 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள டாக்கர் நிறுவனத்தில் சேர்ந்தார்.

2013-ல் அறிமுகமான டாக்கர், பொதியாக்கத்தை வேறொரு கோணத்திலிருந்து அணுகியது. செயலியின் சார்புகளைப் பெயரளவில் அறிவித்துவிட்டுக் கணினியில் தேடுவதற்கு மாறாக, செயலியையும் அதற்கு வேண்டிய நிரலகங்கள் யாவற்றையும் ஒரே படிமமாகக் கட்டி எடுத்துச்செல்வது டாக்கரின் முறை. அடித்தளம் கணினிக்குக் கணினி வேறுபடுகிறதே என்று மர்டாக் 2005-ல் எழுப்பிய சிக்கலுக்கு இது மற்றொரு விடை: அடித்தளத்தையும் மூட்டைக்குள் வைத்துவிடுதல். ஆயினும் படிமத்தைக் கட்டும் செய்முறைக் கோப்பைத் திறந்து பார்த்தால், அதன் தொடக்கத்தில் டெபியன் அல்லது உபுண்டு அடிப்படைப் படிமமும், அடுத்து ஏப்ட் கட்டளையும் பெரும்பாலும் காணப்படும். படிமத்தினுள் கோப்புகளை விரித்து அமைப்பது டிபிகேஜிதான்.

அந்நிறுவனத்தில் மர்டாக் பணியாற்றிய காலம் மிகக் குறைவு. 2015 டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தமது 42-ஆம் வயதில் இறந்தார். டெபியன் திட்டம் டிசம்பர் 30 அன்று இச்செய்தியை அறிவித்தது. அவரது இறப்பு தற்கொலை என 2016-ல் வெளியான அந்நகர மருத்துவ ஆய்வாளரின் அறிக்கை முடிவுசெய்தது.

நினைவும் தொடர்ச்சியும்

2017 சூன் 17 அன்று வெளிவந்த டெபியன் 9 பதிப்பு மர்டாக்கின் நினைவுக்குப் படைக்கப்பட்டது. 1996-ல் 474 பொதிகளுடன் வந்த வழங்கல், 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் 69,830 பொதிகளைக் கொண்டிருந்தது.

இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய போஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் மாணவர்களுக்கு அளிக்கப்பட்ட கணினிகளில், விண்டோஸ் இயங்குதளத்தோடு போஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. அவற்றிலும் மென்பொருள்கள் .டெப் பொதிகளாகவே நிறுவப்பட்டன. டெபியனில் தமிழ் எழுத்துருக்களுக்கும் தனிப்பொதி உண்டு. டிடிஎஃப்-டமில்-ஃபாண்ட்ஸ் என முன்னர் வழங்கிய அப்பொதி, பிற்காலத்தில் எழுத்துருப் பொதிகள் அனைத்துக்கும் ஒரே பெயரிடும் முறை வந்தபொழுது ஃபாண்ட்ஸ்-டாம்ல் எனப் பெயர் மாறியது.